குறைந்தது பூஜ்யம், கூடியது பூஜ்யம்

நான் வேலை செய்வது சாப்பாட்டு மேசையில்தான், மேடம். லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரை; அதில் ஒரு வரி அடித்தால் எங்கோ இருக்கும் சர்வர்கள் சொன்னபடி கேட்கும்.

எங்கள் கம்பெனி ஆற்றோரத்து ஆட்களுக்கு எச்சரிக்கை அழைப்பு அனுப்புகிறது. ஆற்றுக்கு மேலே லோயர் கேம்ப் பக்கம் தண்ணீர் கூடினால் கரையில் நட்டிருக்கும் கருவி சொல்லிவிடும். உடனே இரண்டு சர்வர் தானாகவே முப்பதாகி, ஆயிரக்கணக்கான போன்களை ஒரே நேரத்தில் அழைக்கும். "தண்ணி வருது, மேல ஏறிருங்க" என்று அதில் பேசுவது நான். அதைப் பதிவு செய்தபோது அவர் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் என்றால் சுரேஷ்கண்ணன், என் கணவர். தினமும் ஆறரைக்கு ஆற்றில் இறங்குவார். போனைக் கரையில் துணிமேல் வைத்திருப்பார். மணி அடித்தால் ஏறிவிடுவார்.

போன மாதம், போடியில் ஷீபா என்கிறவளோடு இருக்க வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். நான் சண்டை போடவில்லை. இட்லியை எடுத்து வைத்து, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன்.

"வீட்லயும் நீ, ஆத்துலயும் நீ. ஒரு நாளாச்சும் ஒன் கொரலு கேக்காம குளிக்கணும்டி."

"குளிங்க. யாரு வேணாம்னா?"

வியாழக்கிழமை ஆறு நாற்பத்தொன்றுக்குக் கருவி சொன்னது. எங்கள் ஊர்ப் படித்துறைக்குத் தண்ணீர் வர ஒன்பது நிமிடம்.

கை தவறி சர்வரை நிறுத்திவிட்டதாகச் சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். அது பொருந்தாது, மேடம். ஒன்றை நிறுத்தினால் அந்த இடத்தில் இன்னொன்று தானாக வந்துவிடும். அப்படி அமைத்ததே நான்தான். அதனால் எத்தனை சர்வர் வேண்டும் என்பதற்கு, குறைந்தது பூஜ்யம், கூடியது பூஜ்யம் என்று அடித்தேன். திரை மறுகேள்வி கேட்கவில்லை. கொடியில் அவர் துண்டு இல்லை, ஆற்றுக்குப் போய்விட்டார் என்று பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

அன்று ஆற்றில் பதினொரு பேர். பத்துப் பேர் இரைச்சல் கேட்டு ஏறிவிட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு ஐம்பத்தொன்றுக்குப் பழைய எண்களையே திரும்பப் போட்டேன். தேங்கி நின்ற அழைப்புகள் எல்லாம் போயின. கரையில் அவர் துணிமேல் கிடந்த போனை எடுத்தவர் பக்கத்து வீட்டுச் சுருளியாண்டி அண்ணன். "ஒன் கொரலுதான் ஆத்தா கேட்டுச்சு" என்று என்னிடம் வந்து அழுதார்.

பதினாறு வருடத்தில் என் வீட்டுக்காரர் வாய்விட்டு என்னிடம் கேட்டது அந்த ஒரு நாள் குளியல்தான், மேடம். எப்படி மாட்டேன் என்பேன்?