எந்தத் துறைக்காரர் அவர்?

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் பொறியாளப் பெருமக்களே, ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே! வணக்கம் சொல்லத்தான் எழுந்தேன். வாயோ, "எங்கே முட்டுது?" என்று கேட்கப் பார்க்கிறது. இந்த அறையில் கூட்டம் என்றால் அந்தக் கேள்வியோடுதானே தொடங்கும்!

நம் வடிவமைப்பு ஒருங்கிணைப்பாளர், 'முட்டல் ஐயா' இன்று நம்மோடு இல்லை. கட்டடக் கலைஞருக்கு ஒரு படம், கட்டமைப்புப் பொறியாளனான எனக்கு ஒரு படம், மின்சாரம், தண்ணீர், ஏ.சி. என்று ஆளுக்கொரு படம். அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் அடுக்கி, அஸ்திவாரம் தோண்டும் முன்பே எது எதை இடிக்கிறது என்று காட்ட அவரை விட்டால் யார் இருந்தார்?

ஆனால் அவர் எந்தத் துறை படித்தவர்? யாருக்காவது தெரியுமா? மின்சாரப் பொறியாளரைக் கேட்டேன். "சந்தேகமே வேண்டாம், எங்க ஆளு" என்றார். பிளம்பிங் பொறியாளர் விடுவாரா? "அட போங்க சார்! கழிவுநீர்க் குழாயோட சரிவுக்காக அப்படிச் சண்டை போட வேற யாருக்கு மனசு வரும்?" நானும் சும்மா இல்லை, அவர் எங்கள் ஆள் என்றே நம்பியிருந்தேன்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அடக்கமாட்டாமல் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். சொன்னா மத்தவங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்கன்னு சொல்லியிருக்காரு."

என்ன மனிதர்!

மருத்துவமனைக் கட்டடம் அடுத்த வாரம் தொடங்குகிறது. மூன்றாம் மாடியில், குழந்தைகள் வார்டு நடைபாதைக்கு மேலே, தளத்தைத் தாங்கும் என் பீமும் குளிர்காற்று போகும் டக்ட்டும் ஒரே இடத்தில் முட்டுகின்றன. டக்ட்டைக் கீழே இறக்கினால் சீலிங் தாழும், கட்டிலோடு தள்ளிவரும் டிரிப்ஸ் ஸ்டாண்டு இடிக்கும். பீமைக் குறைக்கச் சொன்னார்கள், நான் அசையவில்லை. கடைசிக் கூட்டத்தில் ஐயா என்னை ஏ.சி. பொறியாளரின் நாற்காலியில் உட்காரவைத்தார். "இன்னைக்கு நீங்கதான் டக்ட். பேசுங்க பார்ப்போம்."

பேசினேன். "பீமுக்கு எதுக்கு இவ்வளவு வீம்பு? கொஞ்சம் வழி விட்டா குறைஞ்சா போயிடும்?" என்று நானே என்னைக் கேட்டேன்! அறையே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை, ஆவலோடு என்னையே பார்த்தார். "நல்ல கேள்வி. பீம்காரர் அடுத்த கூட்டத்துல பதில் சொல்லட்டும்."

அடுத்த கூட்டம் இதுதான், ஐயா.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பீமின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுகிறேன், தாங்கும். இனி ஒவ்வொரு கட்டடத்துக்கும் இந்த மேசையைச் சுற்றி நாற்காலி மாறி உட்காருவோம், இது இந்தச் சபையறிய நான் தரும் வாக்கு. அம்மா, அவர் எந்தத் துறை என்று இனி உங்களைக் கேட்கமாட்டேன். ஏ.சி. பொறியாளரே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டக்ட் நேராகவே போகலாம்.