அணைத்து வைத்த வேதியியல்

அவைக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் ஹெரால்ட் வான் டைக் அவர்களே! விஸ்கான்சின் பனியில் பால் கறந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! எதற்கும் இருக்கட்டும் என்று கிணற்றுத் தண்ணீரை விட்டுக் கடையில் வாங்கிய புட்டித் தண்ணீரில் காபி போட்டு ஊற்றிய தாய்மார்களே! வணக்கம்.

பாலாடைக்கட்டி ஆலைக்கு ஆழ்கிணறு தோண்டலாமா? இன்று வாக்கெடுப்பு. தோண்டலாம் என்கிறது அண்ணன் டேரல் கணினியில் கட்டிய நிலத்தடி நீர்க் கணிப்பு மாதிரி. திரையில் பார்த்தீர்கள். நீலம், நீலம், எங்கும் நீலம்! தீங்கில்லை என்பதன் நிறம். அந்த நீலத்தின் நடுவில் டொலோரஸ் அக்காவின் வீட்டுக் கிணறு. அவர் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பது அந்தத் தண்ணீரில்.

நம் காலுக்கடியில் என்ன? மணற்கல். அதன் தலைமேல் கந்தகக் கனிமத்தின் மெல்லிய படலம். நீரில் மூழ்கியிருக்கும்வரை சாது. ஆழ்கிணறு இறைக்கட்டும், நீர்மட்டம் இறங்கட்டும், காற்று அதைத் தொடட்டும். உள்ளே உறங்கும் ஆர்சனிக் நஞ்சு கரைந்து குழாய்க்கு வரும்.

டேரல் அண்ணனின் கணினி மாதிரி இதைச் சொல்லவில்லையே, ஏன்? வெள்ளிதோறும் ஊர் கூடும் மீன் விருந்தில், போன வாரம் அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, பாறையில நடக்குற வினையெல்லாம் சேத்தீங்களா?"

"சேத்தேன் தம்பி. கம்ப்யூட்டர் திணறிப்போச்சு. அணைச்சு வச்சிட்டேன். தண்ணி ஓட்டம் மட்டும் ஜம்முனு ஓடுச்சு."

"பாறையிலயும் அணைச்சாச்சா?"

"அட சும்மா இருடா, மீன் ஆறுது."

ஆகா! என்ன ஆற்றல்! ஆண்டவன் போட்ட வேதியியலை ஒரே பொத்தானில் அணைத்த வீரர்! அண்ணே, இந்தக் குளிர்காலத்தையும் அணைத்துத் தாருங்கள். பனி வாரி முதுகு ஒடிகிறது.

என்ன, பின்வரிசையில்? "ஆலை வரலைன்னா என் பாலை எவன்யா வாங்குவான்?" நியாயம், வெய்ன் அண்ணே. ஆலை வேண்டாம் என்றா சொன்னேன்? அணைத்த பொத்தானைப் போடுங்கள் என்கிறேன். விடை பிடித்திருக்கிறது என்பதற்காகக் கேள்வியைச் சுருக்கலாமா?

வேதியியலையும் சேர்த்துக் கணினி ஓடி முடிக்க எத்தனை நாள் ஆகும், டேரல் அண்ணே? "மூணு... நாலு நாள்கூட இழுக்கும்ப்பா." கேட்டீர்களா? மணல், கல்லாக இறுகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பொறுத்தது. நாம் அடுத்த மீன் விருந்துவரை பொறுக்க மாட்டோமா?

பொறுப்பவர்கள் கை தூக்குங்கள். டொலோரஸ் அக்கா. வெய்ன் அண்ணன். தலைவரே, நீங்களுமா! டேரல் அண்ணே, உங்கள் கையுமா? ஓ, உங்கள் வீடும் அந்த நீலத்துக்குள்தானே!

தலைவர் சுத்தியலைத் தட்டிவிட்டார். வாக்கெடுப்பு வெள்ளிக்குத் தள்ளிப் போகிறது. தூக்கிய கைகளுக்கெல்லாம் நன்றி. தாய்மார்களே, டேரல் அண்ணனுக்கு ஒரு காபி கொடுங்கள். எந்தத் தண்ணீர் என்று இனி அவரே கேட்பார். வணக்கம்.