பதினொரு மணி அழைப்பு

எங்கள் தோப்பு வீட்டுக்கு வைஃபை போட்டது நான்தான் சார். அய்யனார் கோவில் பாதையில், மாமரங்களுக்கு நடுவே வீடு. அங்கே எந்த டவரும் எட்டாது. வைஃபை இருந்தால்தான் போனே பேசும். ராஜபாளையத்திலிருந்து ஆள் வந்து மரத்துக்கு மரம் கேபிள் கட்டினார். கூடத்தில் ரவுட்டர். தம்பி பெண்டாட்டி வெங்கடேஸ்வரியின் அறைக்குச் சிக்னல் போக இன்னொரு சின்னப் பெட்டி. நல்லதற்குத்தான் செய்தேன்.

தம்பி விஜயபாண்டி ராணுவத்தில் இருக்கிறான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. கல்யாணம் என்று ஒன்றை நினைக்காமல் அவனை வளர்த்தேன். தினமும் பகல் பதினொரு மணிக்கு அவனுக்கு ஓய்வு. அவன் குரலைக் கேட்க ஒன்பது வருடம் மெயின் ரோடு வரை நடந்திருக்கிறேன். கல்யாணமானதும் அந்த நேரம் அவளுடையதாகிவிட்டது. எனக்குக் கடைசியில், "சாப்பிட்டியாண்ணே" மட்டும் மிஞ்சியது. வருத்தம்தான், கோபமில்லை.

ரவுட்டருக்கு ஒரு ஆப் உண்டு. யார் யார் போன் இணைந்திருக்கிறது என்று காட்டும். பெயரைத் தொட்டால் அந்தப் போனுக்கு மட்டும் நெட் நின்றுவிடும். ஒருநாள் சரியாகப் பதினொரு மணிக்கு அவள் பெயரைத் தொட்டேன். ஐந்தே நிமிடத்தில் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, அவ லைன்லயே வரமாட்டேங்கா. நல்லாத்தான இருக்கா?"

"தூங்குதாலே," என்றேன். அரைமணி நேரம் பேசினோம்.

அதன்பிறகு வாரம் இரண்டு நாள் அப்படிச் செய்தேன். "அத்தான், நெட்டு போயிருச்சு," என்று வந்து நிற்பாள். "மலையடிவாரம்லா, அப்படித்தான் இருக்கும் தாயி," என்பேன். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஆடிப்பூரத்தன்று அவளுக்கு ஏழாம் மாதம். தோப்பு ஆட்கள் அத்தனை பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போய்விட்டார்கள். நானும் வடம் பிடிக்கப் போனேன். அவளுக்குப் பால்கோவா வாங்கிவிட்டு, பதினொரு மணிக்கு வழக்கம்போல அவள் பெயரைத் தொட்டேன். வெளியூரிலிருந்தும் அது வேலை செய்யும்.

தம்பி கூப்பிட்டான். "தூங்குதாலே," என்றேன். தடுத்து வைத்த போன் வைஃபையில் சேர முயலும்போதெல்லாம் என் போன் அதிரும். அன்று பத்தொன்பது முறை அதிர்ந்தது. மற்ற நாளில் அவள் நான்கைந்து முறைக்கு மேல் முயன்றதில்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் தேர் அசைந்த கதையைக் கேட்டுத் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அதிர்வை அணைத்துவிட்டேன்.

வீடு திரும்பும்போது மணி இரண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். அங்கிருந்து அந்தச் சின்னப் பெட்டி வரை தவழ்ந்து வந்திருக்கிறாள்; தரையெல்லாம் ரத்தம். பெட்டியின் வயரைக் கையில் பிடித்திருந்தாள். மூச்சு இருந்தது. முதலில் ஆப்பைத் திறந்து அவள் போனுக்கு நெட்டை விட்டேன். அதன்பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு உயிரும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

எந்தெந்த நேரம் தடுத்தேன் என்று என் போனிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் அந்த ஆப் பட்டியல் சரிதான் சார். அவளைக் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

காரியம் முடித்து ராணுவத்துக்குத் திரும்பிப் போனதிலிருந்து தம்பி தினமும் என்னைத்தான் கூப்பிடுகிறான். அழுகிறான். நான்தான் ஆறுதல் சொல்கிறேன். மணி பதினொன்று ஆகப்போகிறது. அந்தப் போனை மட்டும் கொஞ்சம் கொடுங்கள் சார். நான் எடுக்காவிட்டால் பிள்ளை பதறிப்போவான்.