பித்தளை வைத்தவன்

பழைய சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் சொல்வது, துடைத்துவிடாதீர்கள் என்பதுதான். எனக்கு இது வெகுநாள் புரியவில்லை. சேறு சேறாகவே இருக்க வேண்டும், கீறல் கீறலாகவே இருக்க வேண்டும். ஐம்பது வயது ஆட்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள், என் கொட்டகைத் தரையில் மண்டியிட்டுக் குதிரையைத் தடவுவது போல் சட்டத்தைத் தடவுவார்கள். இப்போது வரும் மலைச் சைக்கிள்கள் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து மெத்தை மாதிரி இருக்கின்றன. அவற்றை வீட்டில் நிறுத்திவிட்டு இதற்கு வருகிறார்கள். ஏனப்பா என்று ஒருவனைக் கேட்டேன்.

"புதுசுல மலையே தெரியல சார். இதுல ஒவ்வொரு கல்லும் பல்லுல வந்து சொல்லிட்டுப் போகுது" என்றான்.

அது சரிதான். ஆனால் அது மட்டும் இல்லை. புதியதை எந்திரம் செய்கிறது. பழையதில் குழாயும் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்தால், அங்கே ஒரு மனிதனின் கை இருக்கும். அதற்குத்தான் வருகிறார்கள்.

யாருடைய கை என்பதுதான் பேச்சு. நீங்கள் கேட்டதற்கு அங்கிருந்துதான் நான் பதில் சொல்ல முடியும், அம்மா. நடுவில் நிறுத்தாதீர்கள். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். எனக்குப் போலீஸ் மேல், உங்கள் ஷெரீப் அலுவலகத்தின் மேல் நம்பிக்கை குறைவு. வக்கீல்கள் மேல் அதைவிடக் குறைவு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாசலிட்டோ படகுத்துறையில் பித்தளையை உருக்கிக் குழாய்களை ஒட்டவைக்கும் வேலை, பற்று வைப்பது என்போம், அதைச் செய்துகொண்டிருந்தேன். லென்னி ஃபாஸ் கல்லூரியில் படித்துப் பாதியில் விட்டவன். அந்தக் காலத்தில் எங்கள் ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பையன்கள் எல்லோரும், பேப்பர் போடுகிறவர்கள் ஓட்டிய கனத்த பழைய சைக்கிள்களை என் லாரியில் ஏற்றிக்கொண்டு பைன் மலை உச்சிக்குப் போவோம். அங்கிருந்து மண் பாதையில் கீழே விழாத குறையாக வருவோம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக்குதான். அடிவாரம் வந்து சேர்வதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் புதிதாக அடைக்க வேண்டும். அடைப்பவன் நான். ஓட்டிவிட்டு அதைப் பற்றிப் பேசுகிறவன் லென்னி.

அந்தச் சைக்கிள்கள் தாங்கவில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்தில் விட்டுப்போகும். நாமே செய்யலாமே என்று லென்னிதான் சொன்னான். அதை மறுக்க மாட்டேன், யோசனை அவனுடையது. குழாய் வாங்கி வந்தவனும் அவன்தான். வெட்டியதும், பொருத்தியதும், சுடரைப் பிடித்துப் பித்தளையை ஓடவிட்டதும் நான். பித்தளை ஓட ஒரு சூடு இருக்கிறது. அதற்குக் குறைந்தால் பிடிக்காது. கொஞ்சம் கூடினால் பற்று நன்றாகத்தான் இருக்கும், பக்கத்துக் குழாய் செத்துவிடும். வெளியே தெரியாது. ஒரு நாள் பட்டென்று போகும். சுடரை எப்போது எடுப்பது என்பதுதான் முழு வேலை. என் குழாய் ஒன்றுகூடச் செத்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லென்னி பச்சைப் பெயிண்ட் அடித்தான். மஞ்சளில் பெயர் எழுதினான்.

"உன் பேரு டேக்கெட்னு எழுதினா குழாயில அடங்காதுடா வெர்ன். ஃபாஸ்னா குட்டிப் பேரு" என்றான்.

நானும் சிரித்தேன். அப்போது அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உலகம் முழுக்க மலைச் சைக்கிள் வந்துவிட்டது. ஃபாஸ் சைக்கிள் என்று ஜப்பானில்கூடத் தேடுகிறார்களாம். லென்னி வீட்டு வரவேற்பறையில் கணப்புக்கு மேலே நாங்கள் செய்த முதல் சைக்கிள் தொங்கியது. பார்க்க வருகிறவர்களுக்கு அவன் மனைவி மார்லா காபி கொடுப்பாள். அவர்கள் பற்றின் மேல் விரலை ஓட்டி, "தேன் உறைஞ்ச மாதிரி இருக்கு லென்னி" என்பார்கள். அவன் சிரிப்பான். நான் சமையலறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் பொய் சொன்னதில்லை. சும்மா இருந்தான்.

உங்களோடு வேலை பார்ப்பவர் வெளியே வைத்து, எனக்கும் மார்லாவுக்கும் ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை. அவள் முட்டைகூட ஒழுங்காகப் பொரிக்க மாட்டாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரு தடவை, நாலு பேர் முன்னால், வெர்ன்தான் பற்றவைத்தான் என்று அவன் சொல்ல வேண்டும். அதை நினைத்துக்கொண்டே தூங்கப் போவேன். அவன் சொல்லவில்லை என்பதே எனக்கு ஒரு சொத்து மாதிரி இருந்தது. எங்கே போனாலும் என்னோடு வரும்.

போன வசந்தத்தில் அவன் சொல்லிவிட்டான்.

ஊர் மண்டபத்தில் பழைய சைக்கிள்காரர்கள் கூட்டம். லென்னியை மேடையில் ஏற்றினார்கள். முட்டி வலி, பிடித்துக்கொண்டுதான் நின்றான். "எல்லாரும் என் கையைப் பாராட்டுறீங்க. இந்தக் கை பிரஷ் மட்டும்தான் பிடிச்சுது. ஒவ்வொரு பற்றும் அதோ பின்னால கதவுகிட்ட நிக்கிறானே, அந்த முரட்டுக் கிழவன் வெச்சது. இதை நான் முப்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். வெட்கமா இருக்கு" என்றான்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் கதவருகே நின்றேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் தட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு பாத்தியா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். லென்னி என்னை மேடைக்கு இழுத்துத் தோளில் கை போட்டான். ட்ரெவர் என்று ஒருவன், சான் ஹோசேக்காரன், அந்தக் கூட்டத்துக்குப் பெரிய நிபுணன், படம் எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு படம் எடுத்துவிட்டு, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லென்னி சாரை மட்டும் ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றான்.

நான் தள்ளி நின்றேன்.

புரிகிறதா, அம்மா? என்னுடையதை எனக்குக் கொடுத்ததற்கு அவனுக்குக் கைதட்டல். முன்பு அவனைக் கெட்டிக்காரன் என்றார்கள். இப்போது நல்லவன் என்றும் சொல்கிறார்கள். எனக்கு மிஞ்சியது என்ன? குறை சொல்லக்கூட ஒன்றும் இல்லை. அதையும் வாங்கிக்கொண்டான்.

இதைப் பொறாமை என்று எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள். இன்னொருவனுடையதற்கு ஆசைப்படுவதுதான் பொறாமை. இது என்னுடையது.

அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்தார்கள். அக்டோபரில் பழைய பாதையில் பழைய ஆட்கள் பழைய சைக்கிளில் இறங்குவது. லென்னி முதல் சைக்கிளில் வர வேண்டும். மார்லா வேண்டாம் என்றாள்.

"முட்டியே மடங்க மாட்டேங்குது, மலை இறங்கப் போறாராம்."

"இறங்கறதுக்கு முட்டி எதுக்குடி? புவியீர்ப்பு போதும்" என்றான் லென்னி.

சைக்கிளை என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்து பேரிங்குகளில் கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை இறக்கிப் புதிதாக அடைக்க வேண்டும். ட்ரெவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கூடவே நின்றான்.

"பெயிண்ட்ல ஸ்பேனர் படாம பாத்துக்கங்க சார். அந்த நட்டை மாத்திராதீங்க, அது ஒரிஜினல்."

"அந்த நட்டை மாட்டினவனே நான்தான்" என்றேன்.

லென்னிதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். "இவன் வேலை செய்யறப்ப யாராவது நின்னு பாத்தா இவனுக்குப் பிடிக்காது. வா தம்பி, பான்கேக் சாப்பிடலாம்." வாசலில் நின்று திரும்பினான். "தாங்குமாடா வெர்ன்?"

"என் பற்று விட்டதில்லை" என்றேன்.

பொய் சொல்லவில்லை.

ஃபோர்க்கின் தண்டு கழுத்துக்குள்ளே போய் மறைந்துவிடும். வெளியே நின்று யார் பார்த்தாலும் தெரியாது. பெயிண்டும் கிடையாது. மெல்லிய ஹாக்சா பிளேடை எடுத்தேன். சுலபமான இடம் பற்றின் மேலேயேதான். பித்தளை மிருது, சீக்கிரம் அறுபடும். பிளேடை அங்கே வைத்தேன். மனசு வரவில்லை. எவ்வளவு அழகாக ஓடியிருந்தது தெரியுமா, அத்தனை வருஷத்துக்குப் பிறகும். விரல் அகலம் மேலே தள்ளி, வெறும் இரும்பில் அறுத்தேன். பிறகு நிறைய கிரீஸ் வைத்து மூடிப் பூட்டினேன்.

எவ்வளவு ஆழம் என்று கேட்பீர்கள். தெருவில் ஒரு சுற்றுத் தாங்க வேண்டும். மலையில் மூன்றாவது வளைவு வரைக்கும் தாங்க வேண்டும். அங்கேதான் வேகம் அதிகம். அங்கேதான் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். அவ்வளவு ஆழம். எனக்குக் கணக்கு வராது, கைக்குத் தெரியும்.

பான்கேக் சாப்பிட்டுவிட்டு வந்த ட்ரெவர், ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினான். இலேசான உடம்புதான், விட்டேன். தெருமுனை வரை போய்விட்டுக் கண் கலங்க வந்தான். "வெண்ணெய் மாதிரி திரும்புது சார். கடவுள் கை சார் உங்களுக்கு" என்று லென்னியைப் பார்த்துச் சொன்னான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

மலை இறங்கும் நாளன்று லாரியில் சைக்கிள்களை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, வழக்கம் போல அடிவாரத்துக்கு வந்து நின்றேன். பனிமூட்டம் விலகிவிட்டிருந்தது. மேலே கைதட்டல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. லாரியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ட்ரெவர் ஓடி வந்தான். மேலே கையைக் காட்டினான். ஆம்புலன்ஸுக்கு நான்தான் சொன்னேன். அவசரமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

அதோடு முடிந்திருக்கும். பழைய சைக்கிள், வயதான ஆள். உங்கள் ஆட்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நானும் வந்திருக்க மாட்டேன்.

போன ஞாயிறு அதே மண்டபத்தில் அஞ்சலி வைத்தார்கள். ஒடிந்த ஃபோர்க்கை மேஜை மேல் வெல்வெட்டில் வைத்திருந்தார்கள். ஒடிந்த முனை முழுக்க என் கிரீஸும் மலைப் புழுதியும். துடைக்க அவர்களுக்கு மனசு வருமா? ட்ரெவர் அதைக் கையுறையோடு தூக்கிக் காட்டினான்.

"பற்றுக்குப் பக்கத்திலேயே போயிருக்கு, பாருங்க. சூடு ஏத்திட்டாங்க. குழாய் அன்னைக்கே செத்துப்போச்சு. வெர்ன் சாரைக் குத்தம் சொல்லல. அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்? தானா கத்துக்கிட்டவர், பாவம். ஆனா ஃபாஸ் வெச்சிருக்கறவங்க இனிமே தயவு செஞ்சு ஓட்டாதீங்க. சுவத்துல மாட்டிருங்க."

நான் பின்வரிசையில் இருந்தேன். இந்தத் தடவை எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மார்லா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உன்மேல எனக்குக் கோபமே இல்ல வெர்ன். நீ வேணும்னேவா செஞ்ச? லென்னி இருந்தா முதல்ல அவன்தான் உன்னை மன்னிச்சிருப்பான்" என்றாள். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. செத்த பிறகும் அவன்தான் நல்லவன். நான் மன்னிக்கப்பட்டவன்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஊர் ஊராகச் சுவரில் மாட்டுகிறார்கள். நான் வைத்த ஒவ்வொரு பற்றையும் தொட்டுப் பார்த்து, கெட்ட வேலை என்கிறார்கள்.

அதனால்தான் காலையில் பஸ் ஏறி வந்தேன். நீங்கள் ஏதோ மனசாட்சி என்றீர்கள். அதெல்லாம் உங்கள் வேலை, எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் இதை எழுதுங்கள். லென்னி ஃபாஸைக் கொன்றது நான். அவன் சாக வேண்டும் என்றுதான் அறுத்தேன். அந்த ஃபோர்க்கை அவர்களிடமிருந்து வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவிப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பிளேடின் பல் தெரியும். மீதிதான் ஒடிந்தது. அதற்குக் கீழே விரல் அகலத்தில் என் பித்தளை அப்படியே இருக்கும், ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லாமல். சூடு ஏறவில்லை. குழாய் சாகவில்லை.

மார்லாவுக்கு இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். அவளுக்கும் ஆறுதலாக இருக்கும். பாவம், இத்தனை நாளும் என்னை வேலை தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.