மோதிர விரல் இல்லாத ஹீரோ

ஞாயிறு காலை, ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள், மடியில் பூவும் ஸ்வீட் பாக்ஸும். ஒரே ஷூ கம்பெனியில் வேலை போலிருக்கிறது. ஏறியதிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர் கேம்களில் எது பெரிசு என்று சண்டை. பள்ளிகொண்டா தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தவன் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“என் கேம் ஹீரோவுக்கு இடது கைல மோதிர விரலே கிடையாதுடா.”

“அதுக்கு இன்னா இப்போ? செவுரு ஏறி குதிக்கிறத தவிர அதுல இன்னா இருக்கு? கார் திருட்ற கேம்ல ஊரே நம்ம கைல. எந்த வண்டிய வேணா எடுக்கலாம். செத்தாகூட ஆஸ்பத்திரி வாசல்ல புதுசா எழுந்து நிப்பான்.”

“அதான் எனக்குப் புடிக்கல. கட்டிங் மெஷின்ல கைய வுட்டுட்டு நானும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னேன். போன விரல் வந்துச்சா?”

ஜன்னலோரம் இருந்தவனே தொடர்ந்தான்.

“என் ஆளு அந்தக் கையோடவே எவ்ளோ பெரிய கோபுரம்னாலும் ஏறிடுவான்.”

“சரிடா, உன் கேமே பெரிசு. பொண்ணு வீட்ல மட்டும் கைய பேண்ட் பாக்கெட்ல வெச்சிக்கோ. நிச்சயம் ஆவட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

“பாக்கெட்ல கைய வெச்சிக்கினு எப்பிடிடா கோபுரம் ஏர்றது?”

வேலூரில் அவன் எழுந்தபோது, மேல் கம்பியை இடது கையின் நான்கு விரல்கள் பிடித்திருந்தன.