தண்ணி படாத கடுதாசி

— கத்தியை வெச்சிருங்க வாப்பா. பிரிக்கப் போனா எழுத்தும் சேர்ந்து உரியும்.

— ஓரத்தால மெல்ல வெட்டினா வரும் நப்லா. திருக்கைத் தோலையே உரிக்கிற கை இது.

— இது மீனில்ல, சூட்டுல ஒட்டின பிளாஸ்டிக். என்ட பைல்ல இருந்த கடுதாசி எல்லாத்தையுமா லேமினேட் பண்ணின நீங்க?

— ஓம். ஒண்டும் விடல்ல. றமீஸ்ர கடையில ரெண்டு மணித்தியாலம் நிண்டு, ஒவ்வொண்டா என்ட கண்ணுக்கு முன்னால அடிச்செடுத்த. நீ கம்பஸால வந்து பார்த்துச் சந்தோசப்படுவாய் எண்டுதான் செல்லாம வெச்சிருந்த.

— திங்கக்கிழமை இதைக் கொழும்புக்குக் கொண்டு போகணும் வாப்பா. வேலை தாறது வெளிநாட்டுக் கம்பெனி. ஒவ்வொரு ஒரிஜினலுக்கும் பின்னால அரசாங்க சீல் வாங்கித்தான் குடுக்கணும். லேமினேட் பண்ணின கடுதாசியைக் கையிலயும் எடுக்கமாட்டாங்க.

— கம்பஸ்ல வேற கேட்டு எடுக்கேலாதா?

— செட்டிபிகேட்டைக் கேக்கலாம், ரெண்டு மாசம் போகும். எனக்குப் படிப்பிச்ச பதியுதீன் சேர் கையால எழுதித் தந்த கடிதத்தை ஆருட்டப் போய்க் கேக்கிற? அவர் மௌத்தாகி நாலு மாசம்.

— அல்லாஹ்வே. அந்தக் கடிதமும் இதுக்குள்ளயா?

— மூணு வருசம் வாப்பா. ஒலுவில் கரையில வெயிலுக்க நாடாவைப் பிடிச்சிக்கு நிண்டு, கடல் எவ்வளவு உள்ளுக்கு வந்திருக்கி எண்டு மாசாமாசம் அளந்த. படிக்கக்குள்ளயே என்னென்ன வேலை செஞ்ச எண்டு காட்டத்தான் இந்தப் பைலைச் சேர்த்த. போட்போலியோ எண்டு செல்லுவாங்க. இது இல்லாட்டி நான் செஞ்ச எண்டதுக்கு என்ன அத்தாட்சி?

— பிழை என்டதான் மகள். நான் படிக்காதவன்.

— படிப்பில்ல வாப்பா, உங்களுக்கு இது ஒரு வருத்தம், நோய் மாதிரி. கரண்ட் பில்லும் லேமினேட். நான் மூணாம் வகுப்புல சாக்கோட்டம் ஓடி வாங்கின செட்டிபிகேட் துண்டும் லேமினேட். கூட்டாளிமார் வந்தா சிரிக்காங்க.

— சிரிக்கட்டும்.

— அப்பிடி என்ன பயம்? களவு போகுமா, கறையான் அரிக்குமா?

— உனக்கு முன்னுக்கு ஒரு ராத்தா இருந்தாள்.

— தெரியும். ஷாஹினா ராத்தா. சுனாமியில போனவ. உம்மா செல்லியிருக்கா. நீங்கதான் ஒரு நாளும் கதைக்கிறல்ல.

— நாலு வயசு. அலுமாரியோட வீடு போன. போட்டோ, பிறப்பு அத்தாட்சி, கிளினிக் கார்ட் எல்லாம் அந்த அலுமாரிக்குள்ளதான். அடக்கிறதுக்கு மையித்தும் கிடைக்கல்ல. ஸ்கூல்ல, நாங்க ஒதுங்கியிருந்த இடத்துக்கு, மௌத்தான ஆக்கள்ற பேர் எழுத ஒருத்தர் வந்தாரு. நானும் லைன்ல நிண்டு பேரைச் சென்னன்.

— மறுகா என்ன நடந்த?

— நல்ல மனிசன், கோவமாக் கேக்கல்ல. இப்பிடி ஒரு பிள்ளை இருந்த எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டாரு. நனைஞ்ச சாரனோட நிண்டன் மகள், என்னட்ட ஒரு துண்டுக் கடுதாசியும் இருக்கல்ல.