தோண்டாத மண்

ஹில்டா: நெலம் வாங்கிக்கீறியாமே...

நோயல்: யாரு சொன்னது?

ஹில்டா: ஹார்பர்ல உன்கூட வின்ச்சு ஓட்டுற மஜீது பாய்தான். மார்க்கெட்ல பாத்தாரு. "நோயலு காடு வாங்கிட்டானே, உங்கிட்ட சொல்லலியா தங்கச்சி"ன்னாரு. கட்ன பொண்டாட்டி... திருதிருன்னு முழிச்சிகினு நின்னேன்.

நோயல்: அவன் வாயில ஒண்ணு நிக்காதே. அத வுடு... இன்னாமே, ரெண்டு பாக்கெட் மெழுகுவத்தி கீது? நாளைக்குக் கல்லறைத் திருநாளுக்கு ஒண்ணு பத்தாதா?

ஹில்டா: பேச்ச மாத்தாத. நெலம் எங்க? மீஞ்சூரா, பொன்னேரியா?

நோயல்: வால்பாறைக்கு மேல.

ஹில்டா: இன்னாது?

நோயல்: மழைக்காடுமே.

ஹில்டா: ராயபுரத்துல வாடகை வூடு. மழ வந்தா அடுப்பு மேலயே ஒழுவுது. இதுல தொரைக்குத் தனியா ஒரு மழைக்காடு.

நோயல்: சிரிக்காத.

ஹில்டா: சரி, சிரிக்கல. வூடு கட்டலாமா?

நோயல்: கூடாது.

ஹில்டா: வெறகு பொறுக்கலாமா?

நோயல்: ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது.

ஹில்டா: போயி ஒரு பாய் போட்டுப் படுக்கவாச்சும்...

நோயல்: அட்டை கடிக்கும்.

ஹில்டா: நல்ல நெலம்யா. பட்டா யார் பேர்ல?

நோயல்: பட்டாலாம் இல்ல. அது ஒரு டிரஸ்ட்டு. கட்டைக்காக வெட்டறவன் வர்றதுக்குள்ள அவுங்க காட்ட வாங்கிப் போட்டுர்றாங்க. நாம ஒரு துண்டுக்குக் காசு குடுத்தா, நாம சொல்ற பேர்ல வச்சிக் காவல் காப்பாங்க. டோல்கேட் பிரவுசிங் சென்டர்ல மஜீதுதான் படம் காட்டுனான். மேல பாத்தா ஆகாசமே தெர்லமே.

ஹில்டா: தெனம் கப்பல்லேந்து கட்ட எறக்குற ஆளு... மரத்து மேல இன்னா திடீர் பாசம்?

நோயல்: அதுக்குத்தான். நான் பாத்த மரமெல்லாம் படுத்துகினுதான் கீது. ஒண்ணாச்சும் நிக்கட்டுமேன்னு...

ஹில்டா: பொய்யில்ல. ஆனா முழுசாவும் சொல்லல. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? எந்தப் பேர்ல வச்ச?

நோயல்: இந்த மெழுகுவத்திய எங்க வைக்கட்டும்?

ஹில்டா: கேக்குறேன்ல.

நோயல்: நம்ம ஜூடி பேர்ல.

ஹில்டா: நம்ம பொண்ணு பேர்லயா?

நோயல்: அந்தக் காச்சல் வராம இருந்திருந்தா, புள்ள இந்த வருசம் பத்தாவது எழுதியிருக்கும்.

ஹில்டா: அதுக்குத்தான் கல்லறையில எடம் கீதே. காட்டுல எதுக்கு?

நோயல்: அங்க யாரும் வெட்ட மாட்டாங்க. விக்க மாட்டாங்க. தோண்டவும் மாட்டாங்க.

ஹில்டா: இங்க யாரு தோண்டுனது?

நோயல்: ஹில்டா...

ஹில்டா: சொல்லுயா.

நோயல்: நம்ம ஜூடி கல்லறை வெறும் மண்ணு. காசு கட்டி சொந்தமாக்கல. வருசம் போனா அடுத்தவங்களுக்குக் குடுக்குறதுதான் வழக்கம். போன வருசம் குடுத்துட்டாங்க. நான் சிலுவைய மட்டும் புடுங்கியாந்து, செவுத்தோரம் வேப்ப மரத்தாண்ட நட்டேன். பாதை போட்டதுல எடம் மாறுனாப்பல தெரியுதுன்னு உங்கிட்ட புளுகுனேன். நீ அங்க முட்டி போட்டு அழுதப்ப... அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்ல வாய் வர்ல.

ஹில்டா: அதான் காட்டுல எடம் புடிச்சியா.

நோயல்: எம்புள்ளைய யாரும் எழுப்ப முடியாத எடம் ஒண்ணு வேணும்னு தோணிச்சி. கோவமா?

ஹில்டா: கோவம் இன்னா கோவம். லீவு போடு. அட்ட கடிச்சாலும் பரவால்ல, போயி பாத்துட்டு வருவோம்.

நோயல்: அப்ப நாளைக்கு அந்த வேப்ப மரத்தாண்ட போவ வேணாம்.

ஹில்டா: போவணும். ரெண்டு பாக்கெட் எதுக்குன்னு கேட்டியே... பெத்தவளுக்குப் புள்ள படுத்த எடம் தெரியாதாயா? போன வருசம் நீ தண்ணி எடுத்தாரப் போனப்ப, பழைய எடத்துல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு ஓடியாந்தேன். நீ நட்ட சிலுவைய நம்புனாப்பல அழுதேன், நீ ஒடஞ்சிப் போயிடுவியேன்னு. அங்க இப்ப யாரோ பெத்த பொம்பளப் புள்ள படுத்துகினு கீது. இந்த வாட்டி அதுக்குன்னு தனியா ஒரு பாக்கெட் வாங்கிட்டேன்.